சிரிக்காத சம்பந்திக்கு ஒரு பெட்டி

மாலை ஐந்தரை மணி. ஆண்ட்வெர்ப் நகரத்து ட்ராம் ஒன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெகு கம்பீரமாகத் தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். விடிந்தால் விமானம். ஊரில் இறங்கிய மறுநாள் என் அக்கா மகள் ஜெனிக்கு நிச்சயதார்த்தம். அதில் தாய்மாமன் தட்டு நிறைய பெல்ஜியம் சாக்லெட் வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ராயபுரத்திலிருந்து கிளம்பியிருந்தேன்.

பத்து நாளும் அந்த ஊரில்தான் இருந்தேன். தெருவுக்கு நாலு சாக்லெட் கடை. காலையும் மாலையும் அவற்றைத் தாண்டித்தான் நடந்தேன். இங்கேதானே இருக்கின்றன, எங்கே ஓடிவிடப் போகின்றன என்ற நினைப்பு. கடைகள் ஓடவில்லை. ஆறு மணிதான் ஓடி வந்துவிட்டது.

என்னைப் பெல்ஜியத்துக்கு அனுப்பியது சாக்லெட்டுக்காக இல்லை. என் தொழில் குளிர். மீனும் இறாலும் கப்பலேறிப் போகும் குளிர்பெட்டிகளைத் திருவொற்றியூர் யார்டில் பழுது பார்ப்பவன் நான். நாற்பதடி நீள இரும்புப் பெட்டியின் ஒரு முனையில் பெரிய ஏசி பொருத்தினால் எப்படி இருக்கும், அதுதான். புது மாதிரி இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது, போய்க் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பினார்கள்.

அங்கே துறைமுகம் அவ்வளவு பெரிசு, அவ்வளவு அமைதி. ஒரு ஹாரன் கிடையாது. முதல் நாள் காது அடைத்துக்கொண்டதோ என்று விரல் விட்டுப் பார்த்தேன். மதியச் சாப்பாடு, வறுத்த உருளைக்கிழங்கின் மேல் வெள்ளையாக ஒரு குழம்பு. அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை அதன் தலையில் வைத்துச் சாப்பிட்டேன். பயிற்சி கொடுத்தவர் ஒரு துளி தொட்டு நக்கிவிட்டு அன்று பிற்பகல் முழுக்கச் சன்னலைத் திறந்துவைத்து வகுப்பெடுத்தார்.

அவர்கள் ஊரில் ஒரு பெட்டியைச் சோதித்து முடித்தால் டேப்லெட்டில் ஏழெட்டு இடத்தில் விரல் வைத்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். எங்கள் யார்டில் கதவில் சாக்பீஸால் ஒரு டிக், கீழே மெக்கானிக் பெயர். டிக் இருந்தால் பெட்டி வெளியே போகலாம், இல்லாவிட்டால் போகாது. இதைச் சொன்னதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"தவறு நடக்காதா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நடக்கவில்லை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

ட்ராமுக்கு வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொராக்கோக்காரரிடம் சாக்லெட் கடைத் தெரு எப்போது வரும் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது அரை மணி நேரம் முன்னாடியே வந்து போய்விட்டதே. இது துறைமுகத்துக்குப் போகிறது" என்றார். பழக்க தோஷம். கால் தானாக வேலைக்குப் போகிற வண்டியில் ஏறியிருக்கிறது. மனுஷர் நல்லவர். அடுத்த நிறுத்தத்தில் என்னோடு இறங்கி, ஒரு டாக்சியைக் கைதட்டி நிறுத்தி, ஓட்டுநரிடம் என்னவோ சொன்னார். என்ன சொன்னாரோ, அந்த ஓட்டுநர் பிரசவத்துக்குப் போகிற வேகத்தில் ஓட்டினார்.

கடையில் ஓர் அம்மாள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், கைகளில் வெள்ளைக் கையுறை. நான் மூச்சிரைக்க, "நாலு கிலோ" என்றேன்.

அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது உருளைக்கிழங்கா, கிலோ கணக்கில் கேட்க? யாருக்கு?"

"நிச்சயதார்த்தத்துக்கு."

"நிச்சயதார்த்தம் சாக்லெட் சாப்பிடாது. ஆள் யார் என்று சொல்லுங்கள்."

அணைத்த விளக்குகளைத் திரும்பப் போட்டார். நானும் சொல்லத் தொடங்கினேன். ஜெனி கடற்கரைக்குப் போனால் அலையைப் பார்க்க மாட்டாள், வறுத்த வேர்க்கடலையைத்தான் பார்ப்பாள் என்றேன். வறுத்த கொட்டை நொறுங்கும் சாக்லெட் அவள் பெட்டிக்குப் போனது. அக்கா மாங்காய்ப் பத்தையில் உப்பு மிளகாய்த்தூளை இரண்டு தடவை தொட்டுக்கொள்கிறவள் என்றேன். உப்பும் மிளகாயும் போட்டதே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளைக்கு இஞ்சி. கோயில் ஃபாதருக்குப் பல் ஆட்டம், அவருக்குக் கடிக்காமலே கரைவது.

கடைசியாக மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? பெண் பார்க்க விம்கோ நகரிலிருந்து வந்தபோது பார்த்ததுதான். நான் அன்று என்னுடைய உயர்ந்த ரகத் தமாஷ் எட்டை எடுத்துவிட்டேன். வீடே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. சர்க்கரை போடாத காபி இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

கடைக்கார அம்மாள் நிமிர்ந்தார். "சர்க்கரை போடாத காபியா? அப்போது அவர்தான் எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்." காபிக்கொட்டை அரைத்துச் சேர்த்த, நன்றாகக் கசக்கும் கறுப்புச் சாக்லெட்டை ஒரு பெட்டியில் தனித்தனியாக அடுக்கினார். பிறகு, மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் எழுதச் சொல்லிச் சின்னச் சின்ன அட்டைகளை நீட்டினார். நாலு பெயர் எழுதிவிட்டேன். ஐந்தாவதில் பேனா நின்றது. சம்பந்தியம்மாவின் பெயர் சத்தியமாக ஞாபகம் வரவில்லை. ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று 'சிரிக்காத சம்பந்தி' என்று எழுதிவைத்தேன். அங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது?

மீதித் தட்டை நிரப்பக் கலவையாக ஒரு பெரிய பெட்டி. எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுக்கும்போது அந்த அம்மாள் விரலை உயர்த்தினார். "பதினாறு டிகிரி. வெயில் கூடாது. குளிர்சாதனப் பெட்டியும் கூடாது. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் சாக்லெட் குடித்துவிடும்."

"அம்மா, குளிர்தான் என் தொழிலே" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம்போல் இருக்கிறது.

விமானத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். சாப்பாடு கொண்டுவந்த பெண், "குழந்தையா?" என்று கேட்டாள்.

சென்னையில் இறங்கினால் மே மாதம், வெந்நீர்த் துண்டை முகத்தில் போட்டு வரவேற்றது. பையைச் சட்டைக்குள் வைத்து அணைத்தபடி ஆட்டோவில் ராயபுரம் போய்ச் சேர்ந்தேன்.

"இன்னாடா அமலு, இப்டி இளைச்சிட்ட? அங்க சோறு போட்டாங்களா இல்லியா?" என்றாள் அக்கா. கேள்விதான் எனக்கு, கண் பையின்மேல்.

அக்கா பிலோமினா உள்ளறைக் கட்டிலில் பதினோரு தட்டை வரிசையாகப் பரப்பியிருந்தாள். பழம், பூ, புடவை, ஜெபமாலை, அவளே சுட்ட கலகலாப் பலகாரம் என்று பத்துத் தட்டு நிரம்பியிருந்தது. பதினோராவதில் தங்கக் காகிதம் மட்டும் விரித்துக் காலியாக இருந்தது. தாய்மாமன் தட்டு.

"சம்பந்தியம்மாகிட்ட சொல்லிட்டேன்டா, எந்தம்பி பெல்ஜியத்துல இருந்து கொண்டாரான்னு. 'அப்டியா'ன்னாங்க. அவ்ளோதான்."

"ஒருவேளை இது உருகிடுச்சுன்னா என்ன செய்வ? வேற எதுனா வெச்சுக்கலாமில்ல?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "மாமன் தட்டு மாமன்தான் நெரப்பணும். அது இல்லன்னா பத்துதான் வரும். இரட்டைப் படையில தூக்கினு போவ முடியுமா? மாமன் இருந்தும் இல்லாத பொண்ணுன்னு நாளைக்கு நாலு பேர் பேசுவான். ஒயுங்கா பத்திரமா வெய்டா."

எங்கே வைப்பது? ஃபிரிட்ஜைத் திறந்தேன். வஞ்சிரம், நண்டு, இறால் மூன்றும் ஒன்றாக என்னைப் பார்த்தன. இதற்குள் வைத்தால் நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்கு நண்டுச் சாக்லெட்தான். ஏசி அறையில் தூத்துக்குடியிலிருந்து வந்த உறவினர் பதினான்கு பேர் படுத்திருந்தார்கள். அங்கே ஏசியே வியர்த்துக்கொண்டிருந்தது.

"கவலைய வுடுக்கா. உன் தம்பி யாரு?"

"அதான்டா எனக்குக் கவலையே."

நேராக யார்டுக்குப் போனேன். சோதனைக்கு நிறுத்திய காலிப் பெட்டி ஒன்று மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கழுவித் துடைத்து வாசனையே இல்லாமல் இருந்தது. சூட்டைப் பதினாறில் வைத்தேன். நாற்பதடியும் நடந்து, கடைசி மூலையில் பையை ஒரு பலகைமேல் வைத்தேன். இந்தப் பூமியில் எந்தச் சாக்லெட்டுக்கும் இவ்வளவு பெரிய தனி வீடு கிடைத்திருக்காது. கதவைச் சாத்திக் கைப்பிடிகளை இறக்கிப் பூட்டியபோது, வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தி. வீட்டுக்கு வந்து பத்து நாள் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கினேன்.

நிச்சயதார்த்த நாள். மாலை ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் தட்டு மாற்ற வேண்டும். பத்து மணிக்குச் சலவைச் சட்டையில் யார்டுக்குப் போனேன். பெட்டி நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் கொஞ்சம் ஈரம் இருந்தது. பெட்டி இல்லை.

பகல் ஷிஃப்ட் மெக்கானிக் ஏகாம்பரம் டீ டம்ளரோடு வந்தான். எம்.கே.பி. நகர்க்காரன். என்னோடு பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவன், அதில் பதினொரு வருடம் என்னைக் கிண்டல் செய்தே கழித்தவன்.

"இன்னா மாமு, ஃபாரினெல்லாம் சுத்திகினு வந்துகீற, மூஞ்சி ஏன் பேஜாராகீது?"

"ஏகா, இங்க ஒரு பொட்டி நின்னுதே?"

"அது காலைல ஏழு மணிக்கே பூட்ச்சே."

"யாரைக் கேட்டுடா அனுப்பின?"

"உன்னத்தான் கேட்டேன். கதவுல நீதான டிக்கு போட்டுகீற? கீழ 'அமல்'னு எழுதிகீற. மீன் கம்பெனிக்குப் பொட்டி ஓணும்னான், டிக்கு இருந்துச்சு, அனுப்பிட்டேன்."

ஞாபகம் வந்தது. கதவைச் சாத்தியதும் கை பாக்கெட்டுக்குப் போனது, சாக்பீஸை எடுத்தது, எழுதியது. பதினெட்டு வருடப் பழக்கம். என்னைக் கேட்கவே இல்லை. வேலைக்குப் போகிற ட்ராமில் ஏறிய அதே ஆள்தான் இங்கேயும் கைவரிசையைக் காட்டியிருக்கிறான்.

"உள்ள இன்னா வெச்ச?"

"சாக்லெட். நாலு கிலோ."

ஏகாம்பரம் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு அவனும் கீழே உட்கார்ந்தான். சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "நாப்பதடிப் பொட்டில நாலு கிலோவா? கப்பல்காரன் கேள்விப்பட்டான்னா உனக்கு சிலை வெப்பான் மாமு."

"எந்த மீன் கம்பெனிடா? எங்க?"

"எங்க? எல்லாம் எண்ணூராண்டதான் போவும். குந்து வண்டில."

எது எங்கே போனது என்று வாசலில் ஒரு நோட்டில் எழுதிவைப்பார்கள். நோட்டுக்காரர் நாஸ்தாவுக்குப் போயிருந்தார். வர ஐந்து நிமிடமாகும் என்றார்கள். ஐந்து நிமிடமா, இந்த அவசரத்தில்! பறந்துவிட்டோம்.

எண்ணூர் சாலை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடலும் கருங்கல்லும், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நிற்கும் ட்ரெய்லர்கள். ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் பாய் விரித்துச் சீட்டாடுகிறார்கள். மின்சாரம் பிடுங்கிய குளிர்பெட்டி கதவைத் திறக்காதவரை தாங்கும். பின்சீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினாறில் கிளம்பியது, மணிக்கு இரண்டு டிகிரி ஏறினால் மதியத்துக்குள் இருபத்தாறு. முப்பதைத் தாண்டினால் ஜெனிக்கு, அக்காவுக்கு, ஃபாதருக்கு என்று பிரித்த பெட்டியெல்லாம் ஒரே குழம்பு.

வெள்ளைப் பெட்டியைக் கண்டால் நிறுத்தி, கதவில் என் டிக் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். பாதி வரிசையில் 'அமல்', 'அமல்' என்று நானே நின்றுகொண்டிருந்தேன்.

"மாமு, ரோடு பூரா உம்பேருதான். எலெக்சனுக்கு நிக்கிறியா?"

அவற்றில் எதுவும் காலிப் பெட்டியில்லை. எர்ணாவூரைத் தாண்டியதும் வண்டி இருமியது, நின்றது.

"பெட்ரோல் இருக்குனு முள்ளு காட்டுதேடா!"

"அந்த முள்ளு ரெண்டு வருசமா அங்கியேதான் கீது. அது பேச்ச யாரு கேக்குறா?"

தள்ளினோம். சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிழல் என்று பார்த்தால் ஓர் அத்தோக் கடை. பர்மாவிலிருந்து வந்தவர்கள் வடசென்னைக்குக் கொடுத்த வரம் அந்த நூடுல்ஸ். ஏகாம்பரம் என் கையில் ஒரு தட்டைத் திணித்தான். "துன்னு மாமு, பசியில உனக்கு அறிவு வேலை செய்யல" என்றான். புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமுமாக ஒரு வாய் உள்ளே போனதும் உண்மையிலேயே அறிவு வேலை செய்தது.

"நோட்டுக்காரருக்கு ஃபோன் போடுடா."

போட்டான். நாஸ்தா முடித்து வந்திருந்தார். ஏகாம்பரம் கேட்டுக்கொண்டே இருந்தான், அவன் முகம் மெல்ல மாறியது.

"மாமு. எண்ணூர் இல்லியாம். காசிமேடாம்."

காசிமேடு, நான் காலையில் கிளம்பி வந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம். என்னைத் தாண்டி, என் தெருவை ஒட்டி, எனக்கு முன்பே சாக்லெட் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. தெற்கே போனதை நான் வடக்கே தேடிக்கொண்டிருக்கிறேன்.

"பெல்ஜியத்துலயும் இப்டித்தான் ராங் சைடுல போனியா?"

"ஆமாடா."

"அப்ப அந்த ஊரு மேல தப்பு இல்ல மாமு."

அவனை வண்டியோடு விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து விம்கோ நகர் மெட்ரோ நிலையத்துக்கு ஓடினேன். இந்தத் தடவை ரயில் எந்தப் பக்கம் போகும் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்றாவது ஆள் காவலர். "இதுதான் சார் முதல் ஸ்டேஷன் மாதிரி, ஒரு பக்கம்தான் போகும்" என்று பரிதாபமாகச் சொன்னார். ரயிலுக்குள் என்ன குளிர்! எங்கள் ஊர் மெட்ரோவுக்கு முன்னால் அந்த ட்ராம் பிச்சை வாங்க வேண்டும். நேற்றே பையை இதில் வைத்துப் போகவர விட்டிருந்தால்கூடப் பத்திரமாக இருந்திருக்கும்.

தண்டையார்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்துக் காசிமேட்டு மீன் கம்பெனி வாசலுக்குப் போனபோது மணி இரண்டரை. வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு பெண் வெளியே வந்தாள்.

"இன்னா சார் ஓணும்?"

"காலைல ஒரு காலிப் பொட்டி வந்துச்சே. அதுக்குள்ள ஒரு பை..."

அவள் உள்ளே திரும்பிக் கத்தினாள். "ஏய் கலா! பைக்கு சொந்தக்காரரு வந்துட்டாரு!" பிறகு என்னிடம், "உசுரே பூட்ச்சு சார். லோடு ஏத்த சொல்லோ மேடம் டார்ச் அடிச்சாங்க. கோடியில பை குந்தினு கீது. பாம்னு நெனச்சி நாங்கல்லாம் வெளிய ஓடியாந்துட்டோம். மேடம் மட்டும் போயி பிரிச்சாங்க. சாக்லெட்டு! சில்லுனு இருந்துச்சு. அட்டைங்கல்லாம் படிச்சாங்க" என்றாள்.

ஐந்தாவது அட்டை ஞாபகம் வந்தது. "எல்லா அட்டையுமா?"

"ஒன்னொன்னா."

"எந்த மேடம்?"

"லூர்துமேரி மேடம். இன்னிக்கு அவங்க புள்ளைக்கு நிச்சியம். வூடு விம்கோ நகரு. சரக்கு போவணும்னு அரை நாள் வந்துட்டுப் போனாங்க. பையையும் எடுத்துகினு பூட்டாங்க."

லூர்துமேரி! அந்தப் பெயர்தான். கடையில் எத்தனை முயன்றும் வராத பெயர் இப்போது தானாக வந்து நின்றது.

"அட்டையப் படிச்சுட்டு சிரிச்சாங்களா?"

"யாரு, மேடமா?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாஞ்சு வருசமா கூட வேல பாக்குறேன் சார்."

அக்காவிடம் அவருடைய ஃபோன் நம்பர் இருக்கிறது. ஆனால் அழைத்து என்ன சொல்வேன்? 'வணக்கம், நான்தான் உங்களைச் சிரிக்காத சம்பந்தி என்று எழுதியவன், பையைத் தருகிறீர்களா' என்றா? ஏகாம்பரத்துக்கு ஃபோன் போட்டேன். "பர்மா பஜாருக்கு போ மாமு. அங்க இல்லாத பெல்ஜியமா?" என்றான். அவ்வளவு தூரம் போக நேரமில்லை. வண்ணாரப்பேட்டையில் கண்ணாடி வைத்த பெரிய கடை ஒன்றில் நுழைந்தேன். சரிகைத்தாள் சுற்றிய பெட்டிகள் கூரைவரை இருந்தன. கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்தபடி, "எத்தன பாக்ஸ் சார்?" என்றார்.

ஒரு பெட்டியைக் கையில் எடுத்தேன். இது யாருக்கு? யாருக்கும் இல்லை. எவருக்கு வேண்டுமானாலும். எனக்குக் கை ஓடவில்லை. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாலரை மணி. கோயில் மண்டபத்தின் பின்னறையில் அக்கா தட்டுகளுக்கு மேல் வலைத்துணி மூடிக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்தாள், என் வெறுங்கையைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அட்டையில் எழுதியதைத் தவிர. பையை யார் எடுத்துப் போனார்கள் என்று சொன்னதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அவங்க கையிலயா போய் மாட்டணும்?" அவ்வளவுதான். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்து ஆவாது. ஒன்ன எடுத்துட்டு ஒம்போதா தூக்கினு போலாம்" என்று சொல்லி, இரண்டு நாளாக அடுப்படியில் நின்று அவளே சுட்ட கலகலாத் தட்டை எடுத்து மூலையில் வைத்தாள். ஜெனி பட்டுப்புடவையில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது பின்கதவு திறந்தது. கஞ்சி போட்ட புடவையில், அதைவிட விறைப்பான முகத்தோடு லூர்துமேரி அம்மாள். கையில் என் பை.

"தம்பி, உங்க தட்டு" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "வெயிலுக்கு உருகிடப் போவுதுன்னு எங்க கம்பெனிக்கு அனுப்பி வெச்சிருந்தாரு. எங்க பேக்கிங் ஹாலு நல்லா சில்லுனு இருக்குமில்ல? வரச்சொல்லோ எடுத்துகினு வந்தேன்" என்றார்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்தப் பொய்யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "உக்காருங்க சம்பந்தி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் மூலைக்குப் போய்க் கலகலாத் தட்டைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தேன்.

பெட்டிகளைத் தங்கக் காகிதத்தின்மேல் அடுக்கினேன். ஒன்றுகூட உருகவில்லை, ஒரு மூலைகூட நசுங்கவில்லை. காபிப் பெட்டியில் மட்டும் இரண்டு சாக்லெட் குறைந்தன. அதன்மேல் அட்டை இல்லை.

"ஒன்னு துன்னு பாத்தேன்" என்றார் அவர், முகத்தில் ஒன்றுமே இல்லாமல். "கசப்பு சரியா கீது."

"மேடம், அந்த அட்டை..."

"டிக்கு போட்டது நீங்கதானா?" என்று குறுக்கிட்டார். "பாஞ்சு வருசமா 'அமல்'னு எழுதின பொட்டி வந்தா நான் கண்ண மூடிகினு லோடு ஏத்துவேன். ஒரு பொட்டிகூட கெட்டதில்ல. அந்த அமல் யாருன்னு இன்னிக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பாராட்டா, மிரட்டலா என்று புரியாமல் நின்றேன்.

பதினோரு தட்டும் மண்டபத்துக்குள் வரிசையாக வந்தன. கடைசித் தட்டை நான் தூக்கிவந்தேன். தட்டு மாற்றியாயிற்று. அடுத்து மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமனுக்கு மரியாதை செய்வார்கள். ஃபாதர் தீர்த்தச் செம்போடு தயாராக நிற்க, லூர்துமேரி அம்மாள் என் முன்னால் ஒரு தட்டை நீட்டினார். வேட்டி, சட்டைத்துணி, அதன்மேல் ஒரே ஒரு காபிச் சாக்லெட், பக்கத்தில் சின்ன அட்டை.

"இன்னா மாமா அது? சத்தமா படி" என்றாள் ஜெனி.

படித்தேன். "சாக்பீஸ் கையில் குடுக்கக் கூடாத மாமனுக்கு."

கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. மேலே ஒட்டிய பெட்ரோல் வாசனையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்துக்குப் புரிந்தது. அவன் நாற்காலி கிறீச்சிட்டது. நான் அட்டையைச் சட்டைப் பையில் சொருகப் பார்த்தேன், ஜெனி பிடுங்கினாள். பிடுங்கியவள் சும்மா இருக்காமல் திருப்பினாள். திருப்பியவள் சும்மா இருக்காமல் கணீரென்று வாசித்தாள்.

"சிரிக்காத சம்பந்தி."

அக்கா மெதுவாகத் தலையில் கை வைத்தாள். அத்தனை பேரும் லூர்துமேரி அம்மாளைப் பார்த்தார்கள். முகம் அப்படியே இருந்தது. பிறகு இடது கன்னம் லேசாகத் துடித்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்தார். தோள் ஒருமுறை குலுங்கியது. மறுகணம் வெடித்தது ஒரு சிரிப்பு, துறைமுகத்தில் கப்பல் கிளம்பும்போது ஊதுமே, அந்த அளவுக்கு. கண்ணில் நீர் வழிய, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போச்சு" என்றார் மாப்பிள்ளை. "இதுக்குத்தான் எங்கம்மா சிரிக்கறதே இல்ல. ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது."

ஃபாதர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்து, "ஜெபிப்போமாக" என்றார். கொஞ்சம் அடங்கியது. மறுபடி "ஜெபிப்போமாக" என்றார். மூன்றாவது தடவை கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார்.

மூன்று தடவையும் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டார்.